உணவு ஒவ்வாமையும் குடலின் காவலும்

ஊர்க் கோயில் திருவிழாவில் கச்சான் கொறித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கோ கச்சான் சில பிள்ளைகளுக்கு உயிராபத்தாகிறது. மொன்றியல் ஆரம்பப் பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வின்படி, ஏறக்குறைய 200 பிள்ளைகளில் 3 பேருக்குக் கச்சான் ஒவ்வாமை இருந்தது.

ஒவ்வாமை என்பது, தீங்கற்ற உணவுப் புரதத்தை எமது நோயெதிர்ப்புத் தொகுதி எதிரியெனக் கருதித் தாக்குவதாகும். உண்பதெல்லாம் உடலுக்கு அந்நியப் பொருளே. ஆயினும் பெரும்பாலானோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஏன்?

குடலின் உட்புறத்தை ஒரேயொரு கல அடுக்கே மூடியுள்ளது. இறுகப் பிணைந்த இக்கலங்கள் செரித்த சத்தை உள்ளே விட்டு, செரிக்காத புரதம் பெருமளவு கசியாமல் தடுக்கின்றன. இக்காவலுக்குக் குடலில் வாழும் பக்ரீரியாக்களும் துணை நிற்கின்றன. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கத்ரின் நாக்லர் குழுவினர் 2014இல் வெளியிட்ட எலி ஆய்வு இதைக் காட்டியது. குடற் பக்ரீரியா இல்லாத எலிகளுக்குக் கச்சான் ஒவ்வாமை எளிதில் உண்டானது. குளொஸ்ரிடியா வகைப் பக்ரீரியாக்களைக் கொடுத்ததும் இன்ரலூக்கின்-22 என்ற பொருள் சுரந்து, குடற்சுவர் வலுப்பெற்றது. குருதியில் கலந்த கச்சான் புரதம் குறைந்தது.

இதை வைத்து, கடையில் விற்கும் பக்ரீரியா மாத்திரைகள் ஒவ்வாமையைக் குணமாக்கும் என எண்ணவேண்டாம். அது நிரூபிக்கப்படவில்லை.

நிரூபிக்கப்பட்டது வேறொன்று. இலண்டனில் 640 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், முதல் வயதுக்குள்ளேயே கச்சான் உணவைத் தொடங்கியவர்களுக்கு, ஐந்து வயதில் ஒவ்வாமை சுமார் 80 வீதம் குறைந்திருந்தது.

பெற்றோர் கவனத்திற்கு:

• ஏறக்குறைய ஆறு மாதத்தில், மற்றைய உணவுகளுடன் கச்சான், முட்டை போன்றவற்றையும் தொடங்கலாம். கச்சானை அரைத்து, கஞ்சியில் கரைத்துக் கொடுங்கள். முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும். கடுமையான எக்சிமா அல்லது ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள குழந்தையெனில், முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

• சாதாரண தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அது வைரசைக் கொல்லாது. குடலின் நல்ல பக்ரீரியாக்களையே அழிக்கும்.

• எள்ளும் கடுகும் கனடா அரசின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளன. விருந்தில் நல்லெண்ணெய், கடுகு தாளிதம் சேர்த்திருந்தால் விருந்தினருக்குச் சொல்லுங்கள்.

• மூச்சுத்திணறல், நாக்கு வீக்கம், மயக்கம் கண்டால் எபிபென் ஊசியை உடனே தொடையில் போட்டு 911ஐ அழையுங்கள். "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்கவேண்டாம்.