வானியல் ஆய்வில் சேர்ந்தாச்சா?

அடையாறு, தரமணி பக்கம் அறை பிடித்திருக்கும் புது ஆய்வு மாணவர்களுக்கு:

1. முதல் மாதமே பைத்தான் பழகுங்கள். தொலைநோக்கியைவிடக் கணினி முன்தான் பொழுது போகும்.

2. காலைக் காபியோடு ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் புதுக் கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் மேயுங்கள். முழுதாகப் படிக்க உட்கார்ந்தால் மதியமாகிவிடும்.

3. தரமணி கணித அறிவியல் நிறுவனக் கருத்தரங்குகளுக்குப் போய்வாருங்கள். பாதி புரியாது, பரவாயில்லை; கேள்வி கேட்கும் விதம் பிடிபடும்.

4. காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் நேரம் கேட்பதானால், ஜனவரிக்குப் பிறகான இரவுகளைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மேகம்தான் தெரியும். ஸ்வெட்டர் மறக்காதீர்கள், குவிமாடம் திறந்தே இருக்கும், ஜவ்வாது மலைக் குளிர் சென்னை உடம்புக்குப் புதிது.

5. மூன்று மாத வாடகையைக் கையில் வையுங்கள். உதவித்தொகை தாமதமாகலாம், வீட்டு அட்வான்ஸ் தனிக்கணக்கு.