உருகி வழியும் எழுத்து எங்கிருந்து வந்தது?

கேள்வி: பழைய இசைத்தட்டு உறைகளிலும், இப்போது டீ-ஷர்ட், கடைப் பலகைகளிலும் உப்பி வளைந்து, உருகி வழிவது போன்ற தடித்த எழுத்துகளைப் பார்க்கிறேன். இவை எங்கே பிறந்தவை? வாசிக்கச் சிரமமான எழுத்தால் என்ன பயன்? தமிழுக்கு இது பொருந்துமா?
– ஒரு வாசகர், திருவாமாத்தூர்

பதில்: 1960-களின் ஹிப்பி இளைஞர்களின் போதை மயக்கத்தில் பிறந்த எழுத்து என்றே பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 1966-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்க இசை நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டி வரைந்த வெஸ் வில்சன் இதைப் பரப்பினார். ஆனால் அவர் முன்மாதிரியாகக் கொண்டது, ஓவியர் ஆல்ஃபிரட் ரோலர் 1903-இல் வியன்னாவில் ஒரு கலைக் கண்காட்சிக்கு வரைந்த சுவரொட்டி எழுத்துகளை. ரோலரின் எழுத்துகள் கனத்த கட்டங்களாக நெருங்கி நின்று பரப்பை நிரப்பின. வில்சன் அவற்றை வளைத்துத் தீச்சுடராக எழும்ப வைத்தார். அதே நகரில் வரைந்த விக்டர் மொஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் நிறப் பாடம் கற்றவர். ஒரே அளவு வெளிச்சமுள்ள எதிர் நிறங்களை ஒட்டி வைத்தால் விளிம்பு அதிர்வதுபோலத் தோன்றும். அந்தப் பாடத்தைச் சுவரொட்டிக்குக் கொண்டுவந்தார். ஹிப்பிக் காலம் தன் சாயலைப் பூசியது. வடிவத்தைக் கொடுத்தது பயிற்சியும் பழைய கலை அறிவும்தான்.

வாசிக்க முடியாத எழுத்து எழுத்தாகுமா என்ற மறுப்பு நியாயமானது. பேருந்துப் பலகைக்கும் மருந்துச் சீட்டுக்கும் இந்த எழுத்து ஆகவே ஆகாது. சுவரொட்டித் தலைப்பின் வேலை வேறு: நடந்து போகிறவரை நிறுத்திவைப்பது. புதிரை அவிழ்க்க நின்றவர் செய்தியை எளிதில் மறப்பதில்லை. பாடலைப் படத்துக்குள் அமைக்கும் நம் சித்திரகவி மரபு இந்தத் தத்துவத்தை முன்பே அறிந்திருந்தது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அதற்கு இலக்கணம் சொல்கிறது. அதன் ஒரு வகையான நாகபந்தத்தில் பின்னிக்கிடக்கும் பாம்புகளின் உடலில் எழுத்துகள் அமரும். உடல்கள் வெட்டும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு வரிக்கும் பயன்படும். வியன்னாவுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் எழுத்தைப் படத்துக்குள் அடைத்து, படிப்பவரை மெதுவாக்கும் நோக்கம் இரண்டிலும் ஒன்றே. இரட்டைப்புலவர் கலம்பகம் பாடிய, வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) வாழ்ந்த திருவாமாத்தூர் என்னும் புலவர் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தமே.

தமிழுக்குப் பொருந்துமா என்றால், வளைவுகள் பொருந்தும், பருமன்தான் இடிக்கும். ரோலரின் பாணி, ஒரே உயரமுள்ள ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் போன்ற வரிசையை நம்பியது. தமிழில் மேலே இகர வளைவும் புள்ளியும் ஏறும், கீழே உகரக் கோடு இறங்கும். ண-வின் சுழிகளைத் தடிக்க வைத்தால் உள்வெளி அடைபட்டு ன-வோடு குழம்பும். ர-வும் காலும் ஏற்கெனவே நெருங்கியவை. எ-வை ஏ-விலிருந்து பிரிப்பது ஒரு சிறு கீற்று மட்டுமே. அது கரைந்தால் சொல்லே மாறிவிடும். ஆகவே உருகும் பாணியைத் தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாக வரைய வேண்டும். மேலேறும் குறியைச் சுடராகவும் கீழிறங்கும் கோட்டை வேராகவும் மாற்றிக்கொள்ளலாம்.

இலவச எழுத்துருக்கள் இருக்கும்போது கையால் வரைவது எதற்கு என்று கேட்கலாம். பலூ தம்பி, காய்னி போன்ற தடித்த தமிழ் எழுத்துருக்கள் கிடைப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் எழுத்துருவில் பொதுவாக ஓர் எழுத்து எந்தச் சொல்லில் வந்தாலும் அதே உருவில்தான் நிற்கும். பக்கத்து எழுத்துக்கு இடம் விட்டு நெளிவது வரைபவரின் கை. பட விளம்பரம், இசை விழா, நூல் அட்டை ஆகியவற்றில் இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். தேதி, இடம், கட்டணம் போன்றவற்றைத் தெளிவான எழுத்தில் போடுங்கள். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பலகை எழுதும் ஓவியரைக் கண்டால், அடுத்த விழாவின் தலைப்பை அவரிடமே வரையக் கொடுங்கள்.