பாட்டும் பிள்ளையும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நாட்றம்பள்ளிப் பக்கம் விடிந்ததும் ஷூ கம்பெனி வேன் வந்துவிடுகிறது. அம்மா ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ போய்விட்டால், பகல் முழுக்கப் பிள்ளை பாட்டியிடமோ அங்கன்வாடியிலோதான். அதனால் பாட்டு வாத்தியாரைத் தேடும் முன்னால், வீட்டில் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

● பாடுங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை. வயிற்றில் இருக்கும்போதே சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாளிலேயே அம்மாவின் குரலை அது இனம் காண்கிறது. ஷிஃப்ட் முடிந்து களைத்து வந்தவள் பாடும் நாலு வரித் தாலாட்டு, செல்போன் ரைம்ஸைவிட மேல். தமிழோ, உருதுவோ, தெலுங்கோ, உங்கள் வீட்டுப் பேச்சில் பாடுங்கள்.

● மூன்று வயதில் கை தட்டினால் போதும். ஐந்துக்கு மேல் ஆதி தாளம்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு.

● திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து நடந்தால், தூக்கம் வரும்வரை உட்கார வையுங்கள். ஆர்மோனியமும் முகவீணையும் இவ்வளவு கிட்டத்தில் சென்னை சபாக்களில்கூட வாய்க்காது. ஸ்பீக்கருக்கு மட்டும் தள்ளி.

● 5 வயதானால் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள். அரசு இசைப்பள்ளிக்கு 12 வயது ஆகவேண்டும்.

செய்யக்கூடாதவை

● கணக்கில் மார்க் ஏறும் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு, 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. 2020-ல் பிள்ளைகளின் இசைப் பயிற்சி பற்றிய 54 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, கறாராக நடத்தப்பட்டவற்றில் படிப்புக்கு ஆதாயம் தெரியவில்லை. பாட்டால் வருவது வேறு: கூர்ந்து கேட்கும் காது, தன் முறைக்குக் காத்திருக்கும் பொறுமை, நாலு பேரோடு குரல் சேர்க்கும் சந்தோஷம். மார்க்குக்கு டியூஷன் இருக்கிறதே!

● ஹெட்போனை மாட்டிவிடாதீர்கள். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்.

● அப்பாவின் கட்டையில் பாடவைக்காதீர்கள். பிள்ளையின் தொண்டை சின்னது.

● பறை அடிக்க ஆசைப்படும் பிள்ளையை “அது நமக்கு வேண்டாம்” என்று இழுத்துவராதீர்கள். அந்தச் சுளிப்புக்குப் பின்னால் இருக்கும் சாதிக்கணக்கு அதற்கும் சீக்கிரம் புரிந்துவிடும்.

● விருந்தாளி வந்ததும் “பாடிக் காட்டு” என்று நிறுத்தாதீர்கள். தானாகப் பாடினால் கேளுங்கள், டிவியை அணைத்துவிட்டு.