பேரிங் எண்ணும் லைப்ரரி எண்ணும்

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் வழியில் சாலையின் இருமருங்கும் தென்னந்தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். தோப்புக்கு நீர் இறைக்கும் மானோபிளாக் மோட்டார் ஒருநாள் கரகரவென்று ஓசையிடத் தொடங்குகிறது. பேரிங் தேய்ந்துவிட்டது. தேய்ந்த பேரிங்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். "இதோட அளவு என்னன்னு தெரியலீங்க" என்று தயங்கினால், கடைக்காரர் சிரிப்பார். "அளவு எதுக்கு கண்ணு? மேல நெம்பர் அடிச்சிருக்கும் பாரு, அதைச் சொல்லு போதும்" என்பார்.

அவர் சொல்வதில் ஓர் அறிவியல் இருக்கிறது. பேரிங்கின் மேல் 6205 என்று பொறித்திருந்தால் அதன் துளை 25 மில்லிமீட்டர், வெளிவட்டம் 52 மில்லிமீட்டர், அகலம் 15 மில்லிமீட்டர். ஜப்பானில் செய்தாலும் ஜெர்மனியில் செய்தாலும் இந்த மூன்று அளவுகளும் மாறா. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் துளையின் அளவு கிடைக்கும். 05 என்றால் 25. 04 என்றால் 20. (04-க்குக் குறைந்த எண்களுக்கு இந்த வாய்பாடு பொருந்தாது.) தொழிற்சாலைக்காரர் உள்ளே உள்ள குண்டுகளை இன்னும் வழவழப்பாகச் செய்யலாம், நல்ல கிரீஸ் வைக்கலாம், எண் மாற வேண்டியதில்லை. ஆனால் துளையை ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலும் அதற்கு 6205 என்று பெயரிடக் கூடாது. எண் என்பது வாங்குபவருக்குக் கொடுத்த வாக்கு.

இதே வாக்குத்தான் உங்கள் பள்ளிக் கணிப்பொறியின் லினக்ஸ் அமைப்புக்குள்ளும் இயங்குகிறது. அந்த வாக்கு எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொண்டால், புதிய மென்பொருளை நிறுவும்போது திரையில் தோன்றும் அச்சமூட்டும் செய்திகளின் பொருள் விளங்கும்.

கோவையில் பம்பு செட்டு செய்யும் எந்தப் பட்டறையும் எல்லா உறுப்புகளையும் தானே செய்வதில்லை. வார்ப்பு ஒரு பவுண்டரியிலிருந்து வரும். தாமிரக் கம்பி வேறிடத்திலிருந்து வரும். பேரிங் கடையிலிருந்து வரும். நிரல் எழுதுபவரும் அப்படித்தான். எழுத்தைத் திரையில் வரைவது, படத்தை விரிப்பது, வலையில் செல்லும் செய்தியைப் பூட்டி அனுப்புவது போன்ற வேலைகளுக்கு முன்பே யாரோ எழுதி வைத்த நிரல் தொகுதிகள் உள்ளன. அவற்றை லைப்ரரி என்கிறோம். ஒரே லைப்ரரியைப் பல நிரல்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். ஊர்ப் பொதுக்கிணற்றைப் போல அது வட்டில் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் போதும்.

ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனிக் கிணறு வெட்டினால் என்ன என்று கேட்பீர்கள். வெட்டலாம்; இன்று அப்படிச் செய்யும் முறைகளும் உண்டு. வட்டில் இடம் கூடுதலாகச் செலவாகும் என்பது சிறு குறைதான். பெரிய குறை வேறு. 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் பூட்டு லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. உலகெங்கும் வலைச் சேவையகங்களின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்கள் கசியக்கூடிய ஓட்டை அது. லைப்ரரியைப் பொதுவில் வைத்திருந்த கணிப்பொறிகளில் அந்த ஒரு பொதியை மாற்றி, அதைப் பயன்படுத்திய நிரல்களை மீண்டும் தொடங்கியதும் அவை அனைத்தும் காப்புப் பெற்றன. தனித்தனியாக வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு நிரலாகத் தேடித் தேடி மாற்ற வேண்டியிருந்தது.

லினக்ஸ் உலகில் நிரல்களையும் லைப்ரரிகளையும் 'பொதி'களாகக் கட்டி, பெரிய களஞ்சியங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் வழங்கல் இவற்றில் மூத்தவற்றுள் ஒன்று. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-இல் 69,830 பொதிகள் இருந்தன. நமக்கு நன்கு அறிமுகமான உபுண்டு, டெபியனின் வழிவந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனின் வழிவந்ததே. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸையும் நிறுவிக் கொடுத்தார்கள். உங்கள் அக்காவோ அண்ணனோ வாங்கிய கணினி இன்னும் வீட்டில் இருக்கலாம்.

ஒவ்வொரு பொதியின் உள்ளேயும் ஒரு சிறு சீட்டு உண்டு. "நான் வேலை செய்ய இன்னின்ன பொதிகள் வேண்டும், இன்ன பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும், இன்ன பொதியோடு ஒத்துப்போக மாட்டேன்" என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். இந்தத் தேவைகளுக்குச் 'சார்பு' என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய 'ஐபஸ்-எம்17என்' என்ற பொதியை நிறுவுவது வழக்கம். (ஆங்கிலத்தில் 'பன்மொழியாக்கம்' என்று பொருள்படும் நீண்ட சொல்லில் முதலெழுத்து எம், கடைசி எழுத்து என், நடுவே 17 எழுத்துகள்! எழுதச் சோம்பல்பட்டவர்கள் வைத்த பெயர்.) இப்பொதி தனியாக நிற்காது. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பு வேண்டும். ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவான எம்17என் லைப்ரரி வேண்டும். அந்த லைப்ரரிக்கோ விசைப்பலகை அட்டவணைகள் அடங்கிய இன்னொரு பொதி வேண்டும். 'க' எந்த விசை, 'ங' எந்த விசை என்ற செய்தி அங்கேதான் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் 'லிப்சி' என்னும் அடிப்படை லைப்ரரி. 'க' என்ற ஓரெழுத்து திரையில் விழ இத்தனை பேர் கைகோத்து நிற்க வேண்டியிருக்கிறது.

இனி, கைகள் விடுபடும் இடத்துக்கு வருவோம்.

பொள்ளாச்சியை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் பழைய மடிக்கணினி உண்டு. வலை இணைப்பு இல்லை. பள்ளி ஆய்வகத்தில் இணைப்பு உண்டு. அங்குள்ள கணிப்பொறியில் ஐபஸ்-எம்17என் பொதியைக் கேட்கிறாள். ஒரே ஒரு கோப்பு இறங்குகிறது. பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று நிறுவுகிறாள். "சார்புகள் நிறைவேறவில்லை" என்று செய்தி வருகிறது. பொதி பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் வேறு எந்தப் பொதியை நிறுவக் கேட்டாலும் முதலில் இதைச் சரிசெய் என்று கணினி அடம் பிடிக்கிறது. பழகியவருக்கு இது ஐந்து நிமிட வேலை. பழகாத பிள்ளையோ "லினக்ஸ் எனக்கு வராது" என்று மூடி வைத்துவிடும். இப்படி மூடி வைத்த கணினிகளுக்காகத்தான் எனக்கு வருத்தம்.

அவள் செய்த தவறு என்ன? பள்ளிக் கணிப்பொறியில் எம்17என் லைப்ரரியும் அட்டவணைகளும் முன்பே இருந்தன. ஆகவே அது தனக்குக் குறைந்ததை மட்டும் இறக்கியது. வீட்டுக் கணினிக்குக் குறைந்தது வேறு. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் பிரித்துப் பார்த்து நம் மோட்டாருக்கு உதிரி உறுப்பு வாங்கியது போல ஆயிற்று. கேள்வியை வீட்டுக் கணினியிடமே கேட்டிருக்க வேண்டும். டெபியன் குடும்பத்தின் 'ஏப்ட்-கெட்' என்ற கருவியிடம், பொதிகளை இறக்காமல் அவற்றின் முகவரிகளை மட்டும் அச்சிட்டுத் தரும்படி சொல்லலாம். அதன் களஞ்சியப் பட்டியல் மிகப் பழையதாக இல்லாத வரை, வீட்டுக் கணினிக்குக் குறைந்தவை எவை என்ற சரியான பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று, அத்தனையையும் இறக்கி வந்து, ஒன்றாக நிறுவினால் வேலை முடிந்தது.

இது எளிய வகை. அடுத்த வகை சற்றுச் சிக்கலானது: பேரிங் எண் மாறிய கதை.

2020-இல் வெளியான உபுண்டு 20.04-இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். லைப்ரரியின் எண் 1.1. 2022-இல் வந்த உபுண்டு 22.04-இல் அது 3 ஆயிற்று. உள்ளே கிரீஸ் மட்டும் மாறியிருந்தால் எண் மாறியிருக்காது. வெளி நிரல்கள் பற்றிக்கொள்ளும் இடங்களே மாறியதால்தான் புது எண். ஆகவே 20.04-க்காகக் கட்டிய பொதியை 22.04-இல் நிறுவ முயன்றவர்களுக்கு "1.1 வேண்டும், ஆனால் அது கிடைக்காது" என்ற விடைதான் வந்தது. சிலர் ஒரு குறுக்கு வழியைக் கையாண்டார்கள். 3 என்ற கோப்புக்கே 1.1 என்று இன்னொரு பெயர் சூட்டினார்கள். 52 மில்லிமீட்டர் குழியில் 47 மில்லிமீட்டர் வெளிவட்டமுள்ள 6204 பேரிங்கை வைத்து, அதன் மேல் 6205 என்று சாக்பீஸால் எழுதுவதுபோல. பெயரைப் பார்த்து ஏமாந்த நிரல், உள்ளே கைவைத்ததும் "நான் தேடும் பதிப்பு இங்கில்லை" என்று நின்றுவிடும். நிற்பது நல்லது, நிற்காமல் தவறாக ஓடுவதுதான் ஆபத்து. இன்னும் சிலர் பழைய களஞ்சியத்திலிருந்து 1.1-ஐயே கொண்டுவந்து வைத்தார்கள். நிரல் ஓடும், ஆனால் 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதில் புதிதாக ஓட்டை விழுந்தால் அடைத்துத் தருவார் இல்லை. சரியான வழி, 22.04-க்கென்றே கட்டிய பொதியைத் தேடுவதுதான்.

நேர்மாறான பிசகும் உண்டு. புதிய பொதியைப் பழைய அமைப்புக்குக் கொண்டு வந்தால் லிப்சி குறுக்கே நிற்கும். டெபியன் 1998-இல் 'லிப்சி6'-க்கு மாறியது. அந்த 6 இன்றும் மாறவில்லை. ஆயினும் உள்ளே புதுப் புது வசதிகள் சேர்ந்துகொண்டே வந்துள்ளன. "2.34 அல்லது அதற்குப் பிந்திய லிப்சி6 வேண்டும்" என்று சீட்டில் எழுதியிருந்தால் பழைய 2.31 போதாது. அப்போது லிப்சியை மட்டும் பிடுங்கிப் புதியதை வைக்கலாமா? வேண்டவே வேண்டாம். அமைப்பிலுள்ள ஏறத்தாழ எல்லா நிரல்களும் அதன் மேல் நிற்கின்றன. அதை எடுத்துவிட்டால் கோப்புகளைப் பட்டியலிடும் சிறு கட்டளைகூட ஓடாது. பழையதைத் திரும்ப வைக்கும் கருவியும் ஓடாது!

2024-இல் நடந்த பெயர் மாற்றம் இவை எல்லாவற்றிலும் விந்தையானது. பல லினக்ஸ் கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளை எண்ணி 32 பிட்டுகளில் எழுதி வந்தன. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. அது நிறைவது 2038 ஜனவரி 19 அன்று, நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு. அடுத்த வினாடியில் அத்தகைய கணிப்பொறியின் நாட்காட்டி 1901-க்குத் தாவிவிடும். இதைத் தவிர்க்க, காலத்தை 64 பிட்டுகளில் எழுதும்படி டெபியனிலும் உபுண்டுவிலும் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளை மீண்டும் கட்டினார்கள். அளவு மாறினால் எண் மாற வேண்டும் அல்லவா? எனவே பொதிகளின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்று சேர்த்தார்கள். ஒலிக்கான 'லிப்அசவுண்ட்2' என்ற பொதி, உபுண்டு 24.04-இல் 'லிப்அசவுண்ட்2டி64' ஆயிற்று. நம் மேசையிலுள்ள 64 பிட் கணிப்பொறிகளில் காலம் முன்பே 64 பிட்டில்தான் இருந்தது. அங்கே அளவு மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது. இருந்தும் பழைய குறிப்பைப் பார்த்துப் பழைய பெயரைத் தட்டியவர்களிடம் "நிறுவத் தகுந்த பொதி இல்லை" என்று ஏப்ட் கைவிரித்தது. பொருள் அங்கேயே இருந்தது. பெயரில் மூன்றெழுத்துத்தான் குறை.

இத்தனை சீட்டுகளையும் ஒத்துப் பார்க்கும் வேலையைக் கணிப்பொறி எப்படிச் செய்கிறது? எளிதன்று. "அ வேண்டும், இல்லாவிட்டால் ஆ போதும், ஆனால் ஆ வந்தால் இ வரக் கூடாது" என்ற வகைத் தெரிவுகள் இருபது இருந்தால், சோதிக்க வேண்டிய கூட்டுகள் 2-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 10,48,576. முப்பது இருந்தால் நூறு கோடிக்கு மேல். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2006-இல் இந்தக் கணக்கை ஆராய்ந்தார்கள். எல்லா நிலைகளுக்கும் விரைவான தீர்வு முறை அறியப்படாத கடினக் கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது இது என்று மெய்ப்பித்தார்கள். ஆசிரியர்களுக்குப் பாடவேளை அட்டவணை போடுவதும் அதே வகுப்புத்தான்! நடைமுறையில் பொதி கட்டுபவர்கள் ஒழுங்காகச் சீட்டு எழுதுவதால் ஏப்ட் சில வினாடிகளில் விடை கண்டுவிடுகிறது. இரண்டு வேறு வெளியீடுகளின் களஞ்சியங்களைக் கலந்து வைத்தால்தான் அது திணறும்.

வயதான கணினிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. டெபியன் வெளியீடு ஒவ்வொன்றும் நீட்டித்த ஆதரவையும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பராமரிக்கப்படுகிறது. பிறகு அதன் பொதிகளைப் பழைய ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். உங்கள் கணினியோ பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டும். "இங்கே அப்படி எதுவும் இல்லை" என்ற விடை வரும். பொதி அழிந்துவிடவில்லை, வீடு மாறியிருக்கிறது. பட்டியலில் முகவரியை மாற்றினால் பழைய பொதிகள் கிடைக்கும். ஆனால் ஓட்டை அடைக்கும் திருத்தங்கள் இனி வாரா. ஆகவே அத்தகைய கணினியில் வலை இணைப்புக்கு முன் புதிய வெளியீட்டை நிறுவுவதே முறை.

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் அனுமதியோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். முனையத்தைத் திறந்து, சிறிய எழுத்துகளில் 'எல்டிடி' என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' நிரலின் முழு முகவரியைக் கொடுங்கள். அந்தச் சிறு நிரல் எந்தெந்த லைப்ரரிகளைக் கேட்கிறது, ஒவ்வொன்றும் எந்த எண், வட்டில் எங்கே இருக்கிறது என்பது வரி வரியாக வரும். லிப்சியும் அதில் இருக்கும். அதன் பெயருக்குப் பின்னால் 6 என்ற எண்ணையும் காண்பீர்கள். பிறகு படம் வரையும் பெரிய நிரல் ஒன்றுக்கு இதையே செய்து, வரிகளை எண்ணிப் பாருங்கள்.