வாரப் பகுதியில் பாடம் தேடுவது எப்படி?

யூதர்கள் தோராவின் ஐந்து நூல்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் ஜெப ஆலயத்தில் வாசித்து, ஓராண்டில் முடிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பராஷா என்று பெயர். அதில் ஒழுக்கப் பாடம் தேடும் பலர், அறிவுரையை முன்பே முடிவுசெய்துவிட்டு அதற்குத் தோதான வசனத்தைத் துழாவுகிறார்கள். வசனம் எங்கே இடறுகிறதோ அங்கே நின்று கேள்வி கேட்பதே சரியான தொடக்கம்.

1. பகுதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

யூத நாட்காட்டியில் அந்த வாரத்துப் பராஷாவின் பெயர் இருக்கும். சில வாரங்களில் இரண்டு பகுதிகள் சேர்ந்து வரும். ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் வாரப் பகுதியை ஏழு பிரிவுகளாக வாசிப்பார்கள். ஞாயிறு முதல் நாளுக்கொரு பிரிவாகப் படித்து வந்தால் சுமை தெரியாது.

2. திரும்பப் படியுங்கள்

மூலத்தை இருமுறை, மொழிபெயர்ப்பை ஒருமுறை படிக்கச் சொல்கிறது யூதச் சட்டவிவாத நூலான தல்மூது. எபிரெயம் தெரியாவிட்டால் இரண்டு வெவ்வேறு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் படியுங்கள். அவை வேறுபடும் இடத்தில்தான் பெரும்பாலும் கேள்வி ஒளிந்திருக்கும்.

3. இடறும் இடத்தைக் குறியுங்கள்

'வயேரா' பகுதியை எடுத்துக்கொள்வோம் (ஆதியாகமம் 18). வெயில் நேரத்தில் வந்த மூன்று வழிப்போக்கரிடம் ஆபிரகாம் கொஞ்சம் தண்ணீரும் ஒரு துண்டு அப்பமும் தருவதாகச் சொல்கிறார். ஆனால் மூன்று படி மாவில் அப்பம், இளங்கன்றின் இறைச்சி, வெண்ணெய், பால் என்று விருந்தே வைக்கிறார். சொன்னதற்கும் செய்ததற்கும் ஏன் இத்தனை தூரம்?

4. உரையாசிரியரை நாடுங்கள்

11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரை முதலில் பார்க்க வேண்டியது. 1942 முதல் வாரந்தோறும் பராஷா கேள்வித்தாள்களை அனுப்பிவந்த ஆசிரியை நெகாமா லைபோவிட்ஸ், "இந்த வசனத்தில் ராஷிக்கு என்ன சிக்கல்?" என்று கேட்கப் பழக்கினார்.

நம் கேள்விக்குத் தல்மூதில் விடை உண்டு: நல்லவர்கள் குறைவாகச் சொல்லி நிறையச் செய்வார்கள். அடுத்த வாரப் பகுதியில் எதிர்முகம் வருகிறது. ஆபிரகாம் விலைக்குக் கேட்ட நிலத்தை அதன் உரிமையாளன் எப்ரோன் சும்மாவே தருவதாகச் சொல்லிவிட்டு, 400 சேக்கல் வெள்ளியை வாங்கிக்கொள்கிறான். நிறையப் பேசியவன் கொஞ்சமும் செய்யவில்லை என்கிறார் ராஷி.

5. ஒரே செயலாகச் சுருக்குங்கள்

"விருந்தோம்பல் நல்லது" என்பது யாரையும் எதுவும் செய்ய வைக்காது. "இந்த வாரம் யாருக்கு வாக்குக் கொடுத்தாலும், சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்வேன்" என்று எழுதுங்கள். வார முடிவில் செய்தீர்களா என்று உங்களால் சரிபார்க்க முடிய வேண்டும்.

6. ஓய்வுநாள் பந்தியில் சொல்லுங்கள்

த்வார் தோரா எனப்படும் சிற்றுரைக்கு ஐந்து நிமிடம் போதும். கேள்வி, விடை, செயல் என்ற வரிசையில் பேசுங்கள். கேள்வியைச் சொன்னதும் சற்று நிறுத்தி மற்றவர்களைப் பேச விடுங்கள். உங்கள் விடையைவிட நல்ல விடை அங்கேயே கிடைக்கலாம். அதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு இதே பகுதி வரும்போது வேறொரு கேள்வியோடு தொடங்கலாம்.