மருமகனுக்கு: எந்த மாடல் எடுப்பது?

பாம்பன்

அன்புள்ள மருமகனுக்கு,

மீன் ஏற்றச் சொந்தமாக ஒரு பிக்கப் எடுக்கப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ராமநாதபுரத்து ஷோரூமில் கொடுத்த விலைப்பட்டியலில் இத்தனை வகை இருக்கிறதே, பேஸ் மாடலா டாப் மாடலா என்று கேட்டிருந்தாய். இந்தக் கரையில் இருபது வருடம் லோடு வண்டி ஓட்டியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ ஏறி உட்காரும் இடத்தைப் பார்த்து மாடலை முடிவு செய்யாதே. பின்னால் ஏறப்போகும் சரக்கையும், அடியில் படியப்போகும் உப்பையும் பார்த்து முடிவு செய்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குக் குட்டி யானை என்று நம் ஊரே பெயர் வைத்தது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. அது வரும்போதே மூன்று படிகளில் வந்தது. எஞ்சின் ஒன்றுதான், மேல் படிக்குப் போகப்போக பவர் ஸ்டீரிங், ஏ.சி. என்று சேர்ந்தது. இன்றைக்கு பொலேரோ பிக்கப்பில் வசதிக்கு ஒரு படி, பாரத்துக்கு ஒரு படி, நீளத்துக்கு ஒரு படி என்று பட்டியல் விரிந்துவிட்டது. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தலை சுற்றுகிறது. முதலில் பாரத்தை முடிவு செய், அடுத்து நீளத்தை. வசதி கடைசியில்.

பாரத்துக்கு வருவோம். நம் வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட்டால்தான் மதுரை போய்ச் சேரும்வரை மீன் மீனாக இருக்கும். அப்படியானால் 1.3 டன் வண்டியில், பெட்டிகளின் எடை போக, ஏறும் மீன் ஏறக்குறைய 600 கிலோதான். மீதி ஐஸ். ஐஸ் உருகாத கூண்டு கட்டினால் அந்தக் கூண்டின் எடையும் இதிலேயே கழியும். இதை மறந்து ஏற்றினால் ஓவர்லோடு. 2019-ல் சட்டம் திருத்தியதிலிருந்து அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வேறு.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 1.7 டன்னுக்குத் தாவாதே. சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. ஷோரூமில் கேட்கவேண்டிய முதல் எண் அதுதான். லைசென்ஸ் பற்றிக் கவலைப்படாதே. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்தது நீளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆனால் தவணை தேதி தவறாமல் வந்துவிடும். அந்த நாளில் நமக்குச் சோறு போடுவது நிலம். பரமக்குடிப் பக்கம் முண்டு மிளகாய் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மிளகாய்தான். மீன் கனம், இடம் அடைக்காது. மிளகாய் கனமில்லை, ஆனால் இடத்தை விழுங்கும். ஆகவே வருடம் முழுக்க மீன் மட்டும்தான் என்றால் பாரம் போதும். தடைக்காலத்திலும் சக்கரம் சுழலவேண்டும் என்றால் நீளப் பெட்டி உள்ள வகையைப் பார். எதை எடுத்தாலும் பத்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு.

இனி வசதி. பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியை எடுக்காதே. முழு லோடோடு ஜெட்டி சந்துகளில் வளைத்து வளைத்து என் தோள்பட்டை இன்றும் வலிக்கிறது. ஏ.சி.யை ஆடம்பரம் என்று நினைக்காதே. 2025 அக்டோபரிலிருந்து புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளுக்கு அது கட்டாயம். 3.5 டன்னுக்கு உட்பட்ட பிக்கப் அதில் வராது, முடிவு உன் கையில். தவணை தாங்குமென்றால் போட்டுக்கொள். ஓட்டுகிறவன் உடம்பும் வண்டியோடு சேர்ந்ததுதான். ஆனால் பளபளக்கும் கிரில், பாட்டுப் பெட்டி, இரண்டு வண்ண சீட் இவற்றுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதே. அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

என் முதல் வண்டியை டாப் மாடலாகத்தான் எடுத்தேன். மூன்றாம் வருடம் வெளிப்பூச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒருநாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர், பெட்டித் தரையின் இணைப்பு வழியாகச் சொட்டிச் சொட்டி, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் தேங்கியிருந்தது. ஸ்குரூடிரைவரால் மெல்லத் தட்டினேன். அது இரும்புக்குள் அப்பளத்தில் இறங்குவதுபோல இறங்கியது. தரையைப் பெயர்த்துச் சட்டம் மாற்ற ஆன செலவு, டாப் மாடலுக்கு நான் கூடுதலாகக் கொடுத்த பணத்தைவிட அதிகம்.

நம் வீட்டு வாசலில் நிற்கும் பாலத்தைப் பார். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கான்கிரீட்டுக்குள் வைத்து, இரும்புக்குப் பாலிசிலாக்சேன் பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். ரயிலில் போகிறவர் கண்ணுக்கு அந்தக் கம்பி தெரியாது. பாலத்தைக் காப்பது அதுதான்.

நீயும் அப்படிச் செய். நடுப்படி மாடலை எடு. மிச்சமாகும் பணத்தில், முதல் லோடு ஏறும் முன்பே அடிப்பாகம் முழுக்க அண்டர்கோட்டிங் அடி. பெட்டித் தரைக்கு ஃபைபர் பூச்சுப் போட்டு, உருகும் தண்ணீர் சேஸில் படாமல் வெளியேற ஒரு குழாய் வை. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவு. குடிக்கிற தண்ணீருக்கே அலைகிற ஊரில் இது பெரிய செலவாகத் தோன்றும், தோன்றினாலும் செய்.

வண்டி வந்ததும் முதலில் என் வீட்டு வாசலுக்குக் கொண்டு வா. அத்தை ஆரத்தி எடுக்கட்டும். நான் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் திருநீறு பூசுவேன்.

அன்புடன்,
மாமா