'கப்பல்' என்றால் 'தப்பல்' என்கிறதா உங்கள் குழந்தை?

காசிமேடு, எண்ணூர் பக்கம் போகிறபோது கடலில் நிற்கும் கப்பலைப் பார்த்து உங்கள் வீட்டு வாண்டு, "அம்மா, தப்பல்! பெரீய தப்பல்!" என்று குதிக்கிறது. ரெண்டு வயசில் என்றால் அள்ளிக் கொஞ்சுவோம். அதே குழந்தை அஞ்சு வயசில் ஸ்கூலில் எழுந்து நின்று "தண்ணு, தாது, தை, தால்" என்று ஒப்பித்தால்? கூடப் படிக்கிற பசங்க சிரிக்கிறார்கள். டீச்சர் "சரியாச் சொல்லு" என்கிறார். ரெண்டு மூணு தடவை இப்படி நடந்தால் போதும், குழந்தை வாயைத் திறப்பதையே குறைத்துக்கொள்ளும். படிப்பில் சூட்டிகையான பிள்ளைகூட, உச்சரிப்பு ஒன்றுக்காகக் கடைசி பெஞ்சில் போய் ஒளிந்துகொள்ளும்.

இதற்கு இப்போது அக்கம்பக்கத்தில் சொல்கிற யோசனை: "டேப்லெட் வாங்கிக் கொடுங்க, சரியாப் போயிடும்!" மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். சிலேட்டு மாதிரி இருக்கிற, விரலால் தொட்டால் ஓடுகிற கருவியைத்தான் சொல்கிறார்கள். பேச்சுப் பயிற்சிக்கென்றே அதில் ஏகப்பட்ட 'ஆப்'கள் வந்துவிட்டன. பலன் உண்டா?

உண்டு, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்தால்! குழந்தை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டால் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், இது குறைதானா?

எல்லா எழுத்தும் ஒரே நாளில் நாக்குக்கு வந்துவிடாது. ப, ம, ந, த போன்றவை முதலில் வரும். 'க'வுக்குப் பதில் 'த' சொல்வது சின்ன வயதில் சகஜம். பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலு வயதுக்குள் தானாகவே மாறிவிடும். ர, ள, ழ போன்றவை கடைசியில்தான் வரும். சில குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு வயது வரைகூட ஆகலாம்.

பொதுவான ஒரு கணக்கு இருக்கிறது. ரெண்டு வயதில் குழந்தை பேசுவதில் பாதியாவது வெளி ஆளுக்குப் புரிய வேண்டும். மூணு வயதில் முக்கால்வாசி புரிய வேண்டும். நாலு வயதில் அநேகமாக எல்லாமே புரிய வேண்டும். வெளி ஆளுக்கு என்பது முக்கியம். அம்மாவுக்கு எப்போதும் புரியும்!

வட சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'வாழைப்பழம்' நம் பக்கத்தில் 'வாயப்பயம்' ஆகிவிடும். தாத்தா, அப்பா, கடைக்காரர் எல்லாரும் அப்படிப் பேசுகிற தெருவில் குழந்தையும் அப்படித்தான் பேசும். அது வட்டாரப் பேச்சு, வியாதி இல்லை. பாடம் படிக்கும்போது 'ழ' சொல்லிக்கொடுங்கள், போதும். ஆனால் 'கண்ணு'வைத் 'தண்ணு' என்று சொல்லும் பெரியவர் நம் தெருவில் யாராவது உண்டா? கிடையாது. வித்தியாசம் புரிகிறதல்லவா? ஊரில் யாருமே பேசாத மாதிரி, அந்த வயதையும் தாண்டிக் குழந்தை பேசினால்தான் கவனிக்க வேண்டும்.

வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ் என்று இருந்தால் அதனால்தான் பேச்சு குழறுகிறது என்று பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று பாஷை கேட்டு வளர்வதால் உச்சரிப்பு கெடாது.

காதைப் பார்த்தீர்களா?

ஆப் தேடுவதற்கு முன்னால் காதைச் சோதியுங்கள். காதில் சரியாக விழாத ஒலியை நாக்கு எப்படிச் சொல்லும்? அடிக்கடி சளி பிடித்து, காதில் சீழ் வடிந்து, நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் குழந்தைக்குக் கேட்பது மங்கும். கூப்பிட்டால் திரும்பும், டி.வி. சத்தத்துக்கு ஓடிவரும். ஆனாலும் நுட்பமான ஒலிகள் தப்பிப்போகும். இதைக் கண்டுபிடிக்காமல் ஆறு மாசம் ஆப் போட்டால் ஆறு மாசம் வீண்.

மூக்கால் பேசுவது மாதிரி இருந்தால் அண்ணத்தை டாக்டரிடம் காட்டுங்கள். "நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டணும்" என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். பேச்சு தாமதமாவதற்கு அது பெரும்பாலும் காரணம் இல்லை. டாக்டரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆப் செய்வதும் செய்யாததும்

உச்சரிப்புப் பயிற்சிக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த படிகள்தான். அமெரிக்காவைச் சேர்ந்த இவர் தாமே திக்குவாயால் அவதிப்பட்டவர். பேச்சுத் திருத்தம் பற்றி 1939-ல் இவர் எழுதிய புத்தகம் பிரபலம். முதலில் சரியான ஒலியையும் தப்பான ஒலியையும் காது பிரித்தறிய வேண்டும். அப்புறம் ஒலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு அசை, சொல், வாக்கியம், கடைசியில் சாதாரணப் பேச்சு. மாடிப்படி ஏறுவது மாதிரிதான், ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் கீழே விழவேண்டியதுதான்.

இந்தப் படிகளுக்குப் படம் காட்டுவது, ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது, குழந்தை சொன்னதைப் பதிவு செய்து போட்டுக் காட்டுவது... இதையெல்லாம் ஆப் அலுக்காமல் செய்யும். முன்பெல்லாம் பயிற்சியாளர்கள் படம் ஒட்டிய அட்டைகளை வைத்துச் செய்ததுதான் இது. குழந்தைக்கும் அட்டையைவிடத் திரை பிடிக்கும்.

ஆனால் குழந்தை சொன்னது 'க'வா, 'த'வா என்று நிச்சயமாகத் தீர்ப்புச் சொல்ல ஆப்பை நம்ப முடியாது. பெரியவர்களின் தெளிவான பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகூட, உச்சரிப்பு தவறுகிற சின்னக் குழந்தையின் தமிழில் தடுமாறும். தப்பாகச் சொன்னதற்கும் நட்சத்திரம் கொட்டிக் கைதட்டினால் என்ன ஆகும்? தப்பு பழகிவிடும்! அங்கேதான் உங்கள் காது தேவை.

இங்கிலீஷ் ஆப், தமிழ் நாக்கு

'ஆர்டிகுலேஷன் ஸ்டேஷன்' என்பது அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் உருவாக்கிய, ஐபேடில் ஓடுகிற பெயர்பெற்ற ஆப். சொல், வாக்கியம், கதை என்று படிப்படியாகப் போகும். நல்ல அமைப்புதான். ஆனால் இங்கிலீஷுக்கானது. தமிழின் 'ர' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல் ஈறுக்குப் பின்னால் ஒரு தட்டு தட்டிவிட்டு வரும். அமெரிக்க 'ஆர்' ஒலியில் நாக்கு எங்கேயும் தட்டுவதே இல்லை. 'ரயிலு'க்காக அந்த ஆப்பைப் போட்டால் குழந்தை வேறொரு ஒலியைக் கற்றுக்கொண்டு வரும். ண, ள இரண்டும் அங்கே கிடையவே கிடையாது.

தமிழுக்கென்று முயற்சிகள் இல்லாமலில்லை. 1965-ல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் 1980-களிலேயே தமிழ் உச்சரிப்புச் சோதனை ஒன்று உருவானது. நம் சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார்கள். அது பிறகு டேப்லெட் ஆப்பாகவும் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரெவ்யூ பத்திரிகை 2011-ல் 35 வயதுக்குட்பட்ட சாதனையாளர் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

ஆனால் குழம்பிவிடாதீர்கள். ஆவாஸ் உச்சரிப்பைத் திருத்த வந்ததல்ல. பேசவே வராத குழந்தை படத்தைத் தொட்டால் அதற்காகக் கருவி பேசும். "மெஷின் பேசினா குழந்தை சோம்பேறி ஆயிடாதா?" என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். ஆகாது. இப்படிப்பட்ட கருவிகள் குழந்தையின் சொந்தப் பேச்சைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 'தப்பல்' என்று பேசுகிற குழந்தைக்கு வேண்டியது வேறு, பேசவே வராத குழந்தைக்கு வேண்டியது வேறு. எது வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும்.

வீட்டிலேயே பத்து நிமிஷம்

காசு கொடுத்து ஆப் வாங்காமலேயே ஆரம்பிக்கலாம். டேப்லெட்டிலோ உங்கள் செல்போனிலோ இருக்கிற கேமராவும் ஒலிப்பதிவும் போதும். 'க' ஒலியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. வீட்டிலும் தெருவிலும் இருக்கிற பொருள்களைப் படம் எடுங்கள். கப்பல், கதவு, கை, கால், மூக்கு, நாக்கு, பாக்கு. சொல்லின் நடுவில் வருவதற்கு 'க்க' இருக்கிற சொற்களாகப் பாருங்கள். 'காகம்' போன்ற சொல்லில் ரெண்டாவது 'க' மெலிந்து ஒலிக்கும், அது அப்புறம்.

2. முதல் சில நாள் குழந்தை சொல்லவே வேண்டாம். நீங்கள் "கப்பல்", "தப்பல்" என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். சரியானதற்கு மட்டும் படத்தைத் தொடச் சொல்லுங்கள்.

3. அடுத்து ஒலி. 'த' சொல்லும்போது நாக்கு நுனி பல்லைத் தொடும். 'க' சொல்லும்போது நுனி கீழே கிடக்க, நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தைத் தொடும். தொண்டையில் தண்ணீர் வைத்துக் 'கொரகொர'வென்று கொப்பளிக்கச் சொன்னால் அந்த இடம் குழந்தைக்குப் புரியும். செல்ஃபி கேமராவைத் திறந்து வைத்தால் அதுவே கண்ணாடி!

4. பிறகு க, கா, கி, கூ. பத்துக்கு எட்டு தடவையாவது சரியாக வந்தால் சொல்லுக்குப் போங்கள். அப்புறம் "அக்கா, கை கொடு" போன்ற சின்ன வாக்கியங்கள்.

5. சொன்னதைப் பதிவு செய்து உடனே போட்டுக் காட்டி, "இது கப்பலா, தப்பலா?" என்று குழந்தையையே கேளுங்கள். தன் தப்பைத் தானே காதால் பிடிக்கிற அன்றைக்குப் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

தினம் பத்து நிமிஷம், அதில் அந்த ஒலியை ஐம்பது தடவையாவது குழந்தை சொல்ல வேண்டும். ஆப்பை எடைபோடவும் இதுதான் வழி. எண்ணிப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் பலூன் வெடிப்பதும் பொம்மை ஆடுவதுமாகப் போய், குழந்தை வாய் திறந்தது பத்தே தடவை என்றால் அது விளையாட்டு, பயிற்சி இல்லை.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பி இறக்குகிற சத்தம், கண்டெய்னர் லாரி ஹாரன் நடுவில் 'க'வையும் 'த'வையும் காது பிரிக்காது, கருவியின் மைக்கும் பிரிக்காது. சத்தம் அடங்கிய நேரமாக, உள் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள்.

இதெல்லாம் வேண்டாம்

விருந்தாளி முன்னால் "கப்பல்னு சொல்லு பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். குழந்தை "தண்ணு வலிக்குது" என்றால், "கண்ணு வலிக்குதா? எந்தக் கண்ணு?" என்று சரியான சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பேச்சைத் தொடருங்கள்.

பேச்சு வருவதற்காக நாக்கில் வசம்பு தேய்ப்பது, தேன் தடவுவது வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தே ஆகலாம்.

மணிக்கணக்கில் திரை வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ரெண்டு வயதுக்குள் திரையே கூடாது, உறவினரோடு வீடியோவில் பேசுவது மட்டும் விலக்கு. ரெண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் கூட இருக்கும்போது. பயிற்சி நேரமும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

எங்கே போவது?

நாலு வயதாகியும் வெளி ஆளுக்குப் பேச்சு புரியவில்லை, ரெண்டு வயதாகியும் ரெண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழக்கிறது... இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற சமாதானம் வேண்டாம்.

பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும். அவர்களிடம் சொன்னால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயங்காமல் கேட்கலாம், தப்பில்லை.

போகும்போது உங்கள் போனில் குழந்தை சகஜமாகப் பேசுகிற அஞ்சு நிமிஷப் பதிவை எடுத்துப் போங்கள். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காமல் இருந்தாலும் அந்தப் பதிவு பேசும். எந்த ஒலி, எந்தப் படி என்று பயிற்சியாளர் குறித்துக் கொடுத்ததை வீட்டில் பத்து நிமிஷம் செய்யுங்கள். அதற்குத் துணையாக ஆப் இருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள்.